ஒப்பீட்டுக் குழு, எண் 57

மூக்குத்தியைத்தான் கழற்ற முடியவில்லை.
பதினோரு வருஷம், சதையோடு ஒட்டிப்போயிருந்தது.
தங்கம்தானே, காந்தம் இழுக்காதே என்றேன்.
திருகாணியில் என்ன கலந்திருக்கிறானோ
யாருக்குத் தெரியும் என்றார் டெக்னீஷியன் மணவாளன்.
கோரிமேட்டு ஆஸ்பத்திரி வாஷ்பேசினில்
சோப்பும் தேங்காயெண்ணெயுமாக முக்கால் மணி நேரம்.
கண்ணில் தண்ணீர் வந்தது.
வலிதான். வேறொன்றுமில்லை.

அண்ணன் வெளியே நாற்காலியில்.
போன செவ்வாய் அவன் முறை. இன்று நான்.
படிவத்தில் என்னை ஆரோக்கியமானவள் என்று
அச்சடித்தே வைத்திருந்தார்கள்.
இதுவரை யாரும் எனக்கு அதை
எழுத்தில் தந்ததில்லை.

எந்தக் கையால் எழுதுவீர்கள்.
தலையில் அடிபட்டதுண்டா.
யாருமில்லாதபோது உங்கள் பெயர் சொல்லி
யாராவது கூப்பிட்டதுண்டா.
இல்லை என்று டிக் அடித்தேன்.
அதற்கு முன் பேனா கொஞ்சம் நின்றதை
ஷர்மிளா பானு பார்த்துவிட்டாள்.
ஆராய்ச்சி மாணவி, என்னைவிட எட்டு வயது சின்னவள்.
"ஒண்ணு ரெண்டு தடவை எல்லாருக்கும் கேக்கும்க்கா,
அதுக்கெல்லாம் மார்க் கிடையாது."

உள்ளே கூரை மூக்குக்கு ஒரு சாண் மேலே.
கையில் ரப்பர் பந்து, பயந்தால் அமுக்க.
கண்ணாடியில் ஒரு கூட்டல் குறி.
அதையே பாருங்க. எதையும் யோசிக்காதீங்க.
தூங்கிடாதீங்க.
எதையும் யோசிக்காதபோது
மண்டை என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாம்.

என் மண்டை செய்தது:
தேங்காய்த்திட்டு டிரான்ஸ்பார்மரைப் பார்த்து
அண்ணன் விடிய விடியத் திட்டிக்கொண்டிருந்த ராத்திரி.
மறுநாள் அவனுக்கு பாலிடெக்னிக் பரீட்சை.
அப்புறம் வந்த இரண்டு வருஷம்
மாத்திரையைப் பொடித்து
அவன் ரசத்தில் கலந்தது நான்தான்.
ரசம் நிறம் மாறாது.
எந்தப் படிவமும் இதைக் கேட்கவில்லை.

பிறகு சத்தம்.
துறைமுகத்தில் தூர்வாரும் யந்திரத்தைக்
காதுக்குள் இறக்கினாற்போல.
நாலாவது நிமிஷம் அதற்குள்ளிருந்து
வல்லி வல்லி வல்லி வல்லி.
மெஷின்தான், தெரியும்.
தெரிந்தும் காது அந்தப் பக்கம் போனது.
காலையில் அண்ணன் சொல்லியிருந்தான்:
"கூப்பிட்டா பதில் சொல்லாத.
சொன்னா உக்காந்துரும்."

திரையில் சாம்பல் நிறத்தில் நான்.
அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.
"ஒருத்தர் படத்துல ஒண்ணும் தெரியாதுக்கா.
அவங்க பக்கம் எண்பது பேரு, உங்க பக்கம் எண்பது பேரு,
சராசரி எடுத்துக் கழிச்சுப் பாக்கணும்.
அப்பவும் நெல்லுமணி அளவு ஏதாவது தெரியலாம்,
தெரியாமலும் போகலாம்."

தவளக்குப்பம் அரிசி மண்டியில்
கணக்கெழுதுகிறவள் நான். கழித்தல் தெரியும்.
அதே மூக்கு, அதே முன்கோபம்,
ஒரே வயிற்றில் கிடந்தவர்கள்.
அவனிலிருந்து என்னை எடுத்துவிட்டால்
மிச்சத்தை எந்தக் கலத்தில் எழுதுவது?
உங்க பக்கம் என்கிறாள்.
வீட்டில் அப்படி ஒரு பக்கம் கிடையாது,
ஒற்றை அறை.

பஸ் செலவுக்கு முந்நூறு, ஆளுக்கொரு லெமன் சாதப் பொட்டலம்.
நெல்லித்தோப்பு சிக்னலில் பஸ் நின்றபோது
சட்டைப் பையிலிருந்து
மஞ்சள் பஞ்சுத் துண்டு இரண்டை எடுத்துக் காட்டினான்.
காதடைப்பான். திருப்பித் தரவில்லை போலிருக்கிறது.
"ஒனக்குப் பயமா இருந்துச்சா?"
கொஞ்சம் என்றேன்.
"எனக்கு அங்க நல்லா இருந்துச்சு.
அந்தச் சத்தத்துல
அவனுங்க பேசுறது கேக்கவே இல்ல.
இருவது நிமிஷம்."

அப்புறம் கேட்டான்,
மறுபடி எப்பக் கூப்பிடுவாங்க?

ஒரு தடவைதான் என்று படிவத்தில் இருக்கிறது.
பக்கம் மூன்று. நான் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.
கர்சீப்பில் முடிந்த மூக்குத்தியைத்
தடவிப் பார்த்துக்கொண்டேன்.
காற்றுப் பட்டுத் துளை எரிந்தது.

முதலியார்பேட்டை தாண்டியதும்
ஜன்னல் பக்கம் திரும்பி
ம், என்றான்.
எனக்கா, தெரியவில்லை.

ம், என்றேன் நானும்.